ராத்திரி முழிப்புக்கு ஸ்லீப் பேண்ட்: மூணு மாசம் கட்டிப் பாத்தாச்சு, ரெண்டு ஸ்டார்

கையில கட்டிக்கிட்டு படுத்தா எவ்ளோ தூங்கினோம்னு காட்டுற பட்டை இது, பையன் என் பொறந்தநாளுக்கு ஆன்லைன்ல வாங்கிக் குடுத்தான், 2,799 ரூபா. கம்பெனி பேர் போடல, குடுத்தது பையன், பாத்தா சங்கடப்படுவான்.

வயசு 47, வீடு பெரம்பூர். ரெண்டு வருஷமா 11 மணிக்கு படுத்தா ரெண்டே முக்காலுக்கு டக்குனு முழிப்பு வந்துரும், உடம்பெல்லாம் குப்புனு சூடாகி கழுத்துல வேர்த்து ஊத்தும், ஃபேன் அஞ்சுலதான் ஓடிட்டிருக்கும், பக்கத்துல அவரு குறட்ட விட்டு தூங்குவாரு பாருங்க, அப்படி ஒரு எரிச்சல் வரும். அப்புறம் ரயில் சத்தம், தெருநாய், நாலரைக்கு எதிர்வீட்டு மோட்டார்னு ஒண்ணு விடாம கேட்டுட்டு கெடப்பேன். "இத கட்டிக்கோம்மா, எவ்ளோ தூங்குறன்னு கரெக்ட்டா சொல்லிரும்"னு பையன் சொன்னான்.

எங்க சொல்லுச்சு? ஒரு நாள் 2:45ல இருந்து 4 மணி வரைக்கும் கொட்ட கொட்ட முழிச்சிருந்தேன், அவரு எழுந்துருவாருன்னு அசையக்கூட இல்ல. காலைல பாத்தா அவ்ளோ நேரமும் லைட் ஸ்லீப்பாம், ஸ்கோர் 81, கூடவே ஒரு சிரிச்ச மூஞ்சி வேற. அப்புறம்தான் விவரம் தெரிஞ்சுது, இது பாக்குறது நம்ம அசைவையும் நாடித்துடிப்பையும்தான். தூக்கம் எந்த கட்டத்துல இருக்குன்னு சரியா சொல்லணும்னா மூளையோட அலைய அளக்கணும், அது தலையில வயர் ஒட்டி பண்ற டெஸ்ட். இதுக்கு கம்முனு படுத்திருக்கவளும் ஒண்ணுதான் தூங்குறவளும் ஒண்ணுதான்.

துடிப்ப பாக்க அடியில ஒரு பச்ச லைட் எரியும். பட்டைய கொஞ்சம் லூசா விட்டா போதும், கொசுவலைக்குள்ள பச்சையா பேய் வந்த மாதிரி இருக்கும். இறுக்கிக் கட்டினா மே மாச வேர்வைல மணிக்கட்ட சுத்தி அரிப்பு. பத்து நாள் சார்ஜ் நிக்கும்னு டப்பால போட்டிருக்கான், எனக்கு ஆறு தாண்டல.

இதெல்லாம் கூட பரவால்ல. முழிச்சதும் கைய தூக்கினா டைம் காட்டும் பாருங்க, அதான் வம்பே. அஞ்சுக்கு பால் வந்துரும், இன்னும் ரெண்டு மணி நேரம்தான், இப்போ தூங்கினாதான் உண்டுன்னு மனசு கணக்கு போட ஆரம்பிச்சா வர்ற தூக்கமும் ஓடிப்போயிரும். சில நாள் நல்லாதான் எந்திரிப்பேன், ஸ்கோர் 58னு பாத்ததும் அன்னைக்கு பூரா அசதி.

கடைசில லேடி டாக்டர்கிட்ட போனேன், போன்ல கிராஃபெல்லாம் திறந்து வச்சுகிட்டு. அவங்க அத திரும்பிக்கூட பாக்கல. பீரியட்ஸ் எப்படி வருதுன்னு கேட்டாங்க, கடைசி காபி எத்தன மணிக்குன்னு கேட்டாங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி இல்லாம எனக்கு ஆகாது. குடிச்ச காபில பாதி எறங்கவே அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும், நடுராத்திரி வரைக்கும் அர டம்ளர் உள்ளயே நிக்குதுன்னாங்க. அந்த சூடும் வேர்வையும் மாதவிடாய் நிக்கப்போற நேரத்துல நெறைய பேருக்கு வர்றதுதானாம். தூக்கமே சுமார் ஒன்றர மணி நேர சுத்து சுத்தாதான் வரும், நடுவுல லேசா முழிக்கிறது எல்லாருக்கும் உள்ளது, நீங்க டைம் பாக்குறதாலதான் முழுசா முழிச்சுக்குறீங்கன்னு சொன்னாங்க. இருவது நிமிஷம் போல பாத்தும் தூக்கம் வரலன்னா படுக்கைய விட்டு எந்திரிச்சுரணும், தூக்கம் சொக்கினாதான் திரும்ப படுக்கணும், ராத்திரி எப்படி போனாலும் காலைல அதே நேரத்துக்கு எந்திரிக்கணும்.

இப்போ ஹால்ல நைட் லேம்ப் வெளிச்சத்துல உக்காந்து பூண்டு உரிக்கிறேன். பதினஞ்சு பல்லு தாண்டுறதுக்குள்ள கொட்டாவி வந்துருது. முழிப்பு நின்னுருச்சான்னா இல்ல, இன்னமும் வருது, ஆனா முக்காவாசி நாள் திரும்ப தூங்கிடுறேன். காபி நாலு மணிக்கு மாறிருச்சு, அதுதான் ரொம்ப கஷ்டம்.

பேண்ட வீணாக்கல, முரசொலி மாறன் பார்க்ல நடக்கும்போது கட்டிக்கிறேன், ஸ்டெப்ஸ் ஓரளவு சரியாதான் காட்டுது, அந்த ரெண்டு ஸ்டார் அதுக்குதான். ராத்திரில பீரோ மேல கெடக்கும். பையன்கிட்ட இன்னும் சொல்லல.