தொங்கும் தோலை எடுக்க ஆபரேஷனா? தேதி குறிப்பதற்கு முன் ரத்த ரிப்போர்ட்டைப் பாருங்கள்

எடைக் குறைப்பு ஆபரேஷன் முடித்துவிட்டு, அடுத்து தொங்கும் தோலை எடுக்கலாம் என்று இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். சென்னையில் ஒரு காஸ்மெட்டிக் கிளினிக்கில் எனக்கு நடந்தது. கேஸ் நடப்பதால் பெயர் போடவில்லை.

இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டிச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் வேறு மருத்துவமனையில் நடந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. 118 கிலோவிலிருந்து 76க்கு வந்தேன், சர்க்கரை மாத்திரை நின்றது. ஆனால் வயிற்றுத் தோல் தொடை வரை மடிந்து தொங்கியது. வெயில் காலத்தில் அந்த மடிப்புக்குள் வேர்வை தேங்கிப் புண்ணாகிவிடும். பவுடரைக் கொட்டி, காட்டன் துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவேன். இதை வெறும் அழகு விஷயம் என்று பேசுகிறவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

கிளினிக்கில் உட்கார வைத்துப் பேசியது டாக்டர் இல்லை, கோஆர்டினேட்டர். "லைப்போவும் டம்மி டக்கும் சேர்த்தே பண்ணிடலாம் மேம், இந்த மாசத்துக்குள்ள அட்வான்ஸ் போட்டீங்கன்னா ஒன்னே முக்கால் லட்சம்தான்" என்றார். லைப்போ என்றால் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது, டம்மி டக் என்றால் தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டித் தைப்பது. டாக்டர் வந்தார், நின்றபடியே வயிற்றைப் பிடித்துப் பார்த்தார், போய்விட்டார். ஸ்லீவ் முடிந்து எத்தனை மாதம், எடை இன்னும் இறங்குகிறதா, சத்து மாத்திரை எடுக்கிறேனா, எதையும் கேட்கவில்லை. அப்போது ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. எடை இறங்கிக்கொண்டே இருந்தது.

விஷயமே இதில்தான் இருக்கிறது. ஸ்லீவோ இரைப்பை பைபாஸோ ஆனவர்களுக்குச் சாப்பாட்டு அளவு சுருங்கிவிடுகிறது. புரதம், இரும்பு, பி12, வைட்டமின் டி எல்லாம் குறைய வாய்ப்பு அதிகம். புரதமும் ரத்தமும் குறைவாக இருந்தால் பெரிய காயம் சரியாக ஆறாது. அதனால்தான் பொதுவாக 12 முதல் 18 மாதம் பொறுத்து, எடை மூன்று முதல் ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நின்ற பிறகு கத்தி வைக்கிறார்கள். எடை நிற்பதற்குள் வெட்டினால் மிச்சத் தோல் மறுபடியும் தொங்கலாம். எனக்கு அதுவும் நடந்தது.

இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை வெட்டித் தைத்து, காயத்து நீரை வெளியேற்றும் டிரெயின் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். தொப்புளுக்குக் கீழே தையல் ஓரம் முதலில் நாவல்பழ நிறத்துக்கு மாறியது, பிறகு கறுத்தது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். "நார்மல்தான் மேம், கார்மென்ட்டை டைட்டா போடுங்க" என்று பதில். கார்மென்ட் என்பது வயிற்றை இறுக்கிப் பிடிக்கும் உடுப்பு. ஒரு நாள் விடிகாலையில் தையல் பிரிந்து பெட்ஷீட் முழுக்க நனைந்துவிட்டது. ஓடினால் அங்கே டாக்டர் இல்லை. டிரெஸ்ஸிங் போட்டுவிட்டு அதற்கும் தனி பில் கொடுத்தார்கள்.

அன்றே வீட்டுக்காரர் வேறொரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த பிளாஸ்டிக் சர்ஜன் முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தத்தில் உள்ள புரதமான அல்புமின் 2.6. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். கறுத்த தோலை வெட்டி எடுத்து, காயத்து நீரை உறிஞ்சி எடுக்கும் வாக் டிரெஸ்ஸிங் வைத்து, இரும்புச்சத்தை டிரிப்பில் ஏற்றி, புரதத்தைக் கூட்டி, மாதக்கணக்கில் ஆற்றினார்கள். ஒன்னே முக்கால் லட்சம் என்றது அனஸ்தீசியா, கார்மென்ட், மருந்து என்று மூன்றை நெருங்கியது. சரிசெய்ய அதைவிட அதிகம் ஆனது. ஸ்லீவுக்குப் பணம் தந்த இன்சூரன்ஸ், இது காஸ்மெட்டிக் என்று கைவிரித்தது.

கேஸ் ஷீட்டை, அதாவது உங்கள் சிகிச்சைக் குறிப்புகளை, எழுத்து மூலமாகக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. எனக்கு வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் தந்தார்கள். அதில் ஆபரேஷனுக்கு முந்தைய ரிப்போர்ட் இருந்தது. ஹீமோகுளோபின் 8.7, தடித்த எழுத்தில், பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. அதைப் பார்த்துவிட்டும் தியேட்டருக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். அல்புமின் டெஸ்ட் எழுதவே இல்லை. ஆபரேஷன் நோட்டில் இருந்த கையெழுத்து, எனக்கு முகமே தெரியாத ஒருவருடையது. மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டில் தேடினால் ஜெனரல் சர்ஜரி எம்.எஸ். மட்டும்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜரிக்கான எம்.சிஎச்., டிஎன்பி என்ற சிறப்புப் பட்டம் எதுவும் இல்லை.

தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலுக்கும், மாவட்ட சுகாதார இணை இயக்குநருக்கும் புகார் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போட்டாயிற்று. அங்கே போக இரண்டு வருடம்தான் கெடு. காயம் ஆறட்டும் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது தேதி குறித்திருப்பவர்கள் ஹீமோகுளோபின், அல்புமின், இரும்பு, பி12 ரிப்போர்ட்டுகளை ஸ்லீவ் செய்த டாக்டரிடம் ஒரு தரம் காட்டிவிடுங்கள். வெட்டப்போகிறவர் யார் என்று பெயரோடும் பதிவு எண்ணோடும் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். யாருடைய பதிலுக்கும் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.