கிருஷ்ணகிரி தூசிக்கு எந்த புளோயர்? ஒரு ஜெராக்ஸ் கடைக்காரியின் கணக்கு

கிருஷ்ணகிரியில் சென்னை சாலையை ஒட்டி ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். உள்ளே நான்கு டெஸ்க்டாப், இரண்டு பிரிண்டர், ஒரு பெரிய ஜெராக்ஸ் மெஷின். வாசலில் பர்கூர் பக்கமிருந்து கிரானைட் ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். பட்டறையில் கல்லைத் தண்ணீர் விட்டுத்தான் அறுப்பார்கள், அதனால் அங்கே தூசி அவ்வளவாகப் பறக்காது. ஆனால் அந்தச் சேறு காய்ந்ததும் வெள்ளைப் பொடியாகி, லாரி டயரில் ஒட்டிக்கொண்டு ஊருக்குள் வந்துவிடும். ஆடி மாதம் கேட்கவே வேண்டாம். காலையில் துடைத்த கருப்பு கீபோர்டு மதியச் சாப்பாட்டுக்குள் சாம்பல் நிறமாகிவிடும்.

கம்ப்யூட்டர் தூசிக்கு என்ன வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால் எல்லாரும் டப்பாவில் அடைத்த காற்றைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டுத் தூசி கார்பெட்டும் பூனை முடியுமாக இருக்கும். நமக்குக் கல். அதனால் நான் வாங்கியதையும், கடனாக வாங்கிப் பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள எலக்ட்ரிக் புளோயர், அதாவது கையில் பிடித்துக் காற்று ஊதும் மெஷின் ஒன்று, ஒரு அங்குல பெயின்ட் பிரஷ் ஒன்று. இரண்டும் சேர்த்து 1500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மற்றதெல்லாம் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி.

முதலில் டப்பா. பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு டோனர் (ஜெராக்ஸ் மெஷினுக்குப் போடும் மைப்பொடி) வாங்கப் போன தம்பி ஒன்று வாங்கி வந்தான், ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பெயர்தான் காற்று. உள்ளே இருப்பது அழுத்தத்தில் திரவமாக்கிய ஒரு வாயு. டப்பாவை நேராகப் பிடித்து அடித்தால் வாயுவாக வரும், சாய்த்தால் திரவமாகவே தெறிக்கும், அது தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். சில டப்பாக்களில் எரியக்கூடிய வாயுவே இருக்கிறது, பின்னால் நெருப்புப் படம் போட்டிருப்பார்கள். சாமி விளக்கு எரியும் கடையில் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். இன்னொரு தொல்லை, தொடர்ந்து அழுத்தினால் டப்பா சில்லென்று ஆகி வேகம் இறங்கிவிடும். கொஞ்ச நேரம் கீழே வைத்து, சூடு ஏறின பிறகு மறுபடி எடுக்க வேண்டும். ஒரு சிபியுவை ஒழுங்காகச் சுத்தம் செய்தாலே பாதி டப்பா காலி. கீபோர்டு, லேப்டாப், கேமரா என்றால் நல்ல பொருள்தான். கல்லுத் தூசி அப்பின சிபியுவுக்குக் கட்டுப்படியாகாது.

அடுத்தது புளோயர். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரவுண்டானா பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். பிராண்டு பெயர் வேண்டாம், ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைக்கிற எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சு, மேலே ஒட்டும் ஸ்டிக்கர்தான் வேறு. 600 வாட்ஸ், பெட்டியில் நிமிடத்துக்கு 16000 சுற்று என்று போட்டிருந்தது. விலை 1150. இதே கடையில் 850க்கும் ஒன்று இருந்தது, ஆனால் அதில் வேகம் ஒன்றுதான்.

"இதுல ஸ்பீடு கொறைக்க முடியுமா அண்ணா?"

"ட்ரிக்கர்லயே சக்கரம் இருக்குது பாரும்மா. கம்ப்யூட்டருக்குன்னா அதைத் தாண்டாத. ஃபுல்லு வெச்சா எலை கூட்டறதுக்குத்தான் ஆகும்."

அந்த முந்நூறு ரூபாய் வித்தியாசத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். முழு வேகத்தில் நெருக்கமாகப் பிடித்தால் மெல்லிய ஒயர்கள் சாக்கெட்டிலிருந்து ஆடும், ஃபேன் தறிகெட்டுச் சுற்றும். பாதிக்கும் கீழே வைத்து, ஒரு முழம் தள்ளி ஆரம்பித்து, மெல்ல மெல்லக் கிட்டே கொண்டுபோனால் போதும். வெள்ளைப் பொடி புகையாகக் கிளம்பிப் போவதைப் பார்க்கவே ஒரு திருப்தி.

ஒன்றைப் பெட்டியில் எழுதவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. புளோயர் காற்றை எங்கிருந்தோ இழுத்துத்தானே ஊத வேண்டும்? இழுக்கும் ஓட்டை பக்கவாட்டில் இருக்கிறது. குனிந்து தரைக்குப் பக்கத்தில் வைத்து ஊதினால், வாசல் மண்ணை அள்ளி சிபியுவுக்குள் அடிக்கும். அதனால் சிபியுவை ஸ்டூல் மேல் ஏற்றி, புளோயரை இடுப்பு உயரத்தில் பிடிப்பதுதான் சரி. காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். வீசும் காற்றுக்கு எதிரே நின்றால் கிளம்பின பொடி மொத்தமும் முகத்தில்தான்.

குறைகளும் உண்டு. ஒயர் நீளம் போதாது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் வாசலுக்கு வராது. சத்தத்தில் பக்கத்து டெய்லர் அக்கா மெஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். கூடவே கொடுத்த தூசிப் பை எதற்கும் உதவவில்லை, குழாயை இழுக்கும் ஓட்டையில் மாட்டி உறிஞ்ச வைத்தால் பையின் நெய்தல் வழியாகவே பொடி வெளியே வருகிறது. எல்லாவற்றையும் விட மோசம், ட்ரிக்கரைப் பூட்டி வைக்கும் அந்தச் சின்னப் பொத்தான். பூட்டி வேலை செய்துகொண்டிருந்தபோது கரண்டு போனது. அப்படியே மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான் கடைப் பையன். கரண்டு வந்ததும் புளோயர் தானே கிளம்பி, மேஜையில் இருந்த விண்ணப்பங்களை எல்லாம் சாலை வரைக்கும் அனுப்பிவிட்டது. ஆதார் நகல் ஒன்றை எதிர்ப்பக்கப் பேக்கரி வாசலில் எடுத்தோம். இப்போது அந்தப் பொத்தானை யாரும் தொடுவதில்லை.

இனி பிரஷ். இது இல்லாமல் புளோயர் பாதி வேலைதான் செய்யும்.

கடையில் இருக்கும் நான்கு மெஷினுக்கும் தூசி ஒரே மாதிரி இல்லை. வாசலோர மெஷினில் கல்லுப் பொடி, உலர்ந்தது, ஊதினால் போய்விடும். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் இருப்பதில் டோனர் கலந்த கருப்பு. சாமி படத்துக்குக் கீழே இருப்பதில் வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் தினப்படி ஊதுபத்தியும் சேர்ந்து பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும். நம் கடைக்குப் பின்னால் இருக்கும் டிபன் கடையின் பில் போடும் கம்ப்யூட்டரையும் நான்தான் பார்க்கிறேன். அதில் வடைச் சட்டி எண்ணெய் ஆவி. அதன் ஹீட்சிங்கை, அதாவது பிராசசரின் சூட்டை இறக்கும் அலுமினியத் தகட்டுக் கட்டை, திறந்தபோது ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே பழைய கம்பளி மாதிரி ஒரு படலம், நகத்தால் ஓரத்தைப் பிடித்தால் முழுசாக உரிந்து வந்தது. காற்று நுழைய வழியே இல்லை. இதை எந்த புளோயரும் ஊதித் தள்ளாது.

பெயின்ட் கடையில் ஒரு அங்குல பிரஷ் நாற்பது ரூபாய். நைலான் வேண்டாம், பன்றி முடியில் செய்தது என்று கேட்டு வாங்குங்கள். நைலானைத் தேய்த்தால் நிலைமின்சாரம் அதிகம் வரும், அது கண்ணுக்குத் தெரியாமலேயே சிப்பைக் கெடுக்கக்கூடியது. வாங்கினதும் உள்ளங்கையில் பத்து அடி அடித்தால் தளர்ந்த முடிகள் உதிர்ந்துவிடும், இல்லாவிட்டால் அவை ரேம் ஸ்லாட்டுக்குள் போய் உட்காரும். அப்புறம் முக்கியமான வேலை: முடியைப் பிடித்திருக்கும் தகரப் பட்டையைச் சுற்றி இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று. அந்தத் தகரத்தின் ஓரம் மதர்போர்டின் மெல்லிய தடங்களைக் கீறிவிடும். டேப் சுற்றின பிறகு பயமில்லாமல் மூலை முடுக்கெல்லாம் தட்டலாம். பிரஷால் கிளப்பு, புளோயரால் அனுப்பு, இவ்வளவுதான் வேலை.

எண்ணெய்ப் பிசுக்குக்கு மட்டும் பிரஷோடு ஐபிஏ வேண்டும், அதாவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். செல்போன் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஃபேன் இறகைத் தனியாகக் கழற்றி, அதில் நனைத்த துணியால் துடைத்தால் பிசுக்கு கரைந்து வரும், மிச்சமில்லாமல் உலர்ந்தும் விடும். மெடிக்கலில் கிடைக்கும் ஸ்பிரிட்டை நான் போர்டுக்குப் போடுவதில்லை, வேறு என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துத்தான் போட வேண்டும். ஐபிஏவும் எரியக்கூடியது, டிபன் கடை அடுப்புப் பக்கம் வைத்துச் செய்யாதீர்கள். ஹீட்சிங்கைக் கழற்றினால், அதற்கும் பிராசசருக்கும் நடுவே சூடு கடத்தத் தடவியிருக்கும் பழைய பேஸ்ட்டையும் ஐபிஏவால்தான் துடைக்க வேண்டும். துடைத்துவிட்டுப் புதுப் பேஸ்ட் வைக்காமல் மூடக் கூடாது. வெறுமனே தூசிக்காக ஹீட்சிங்கைக் கழற்ற வேண்டியதே இல்லை, மேலே இருக்கும் ஃபேனை எடுத்தாலே போதும்.

பஞ்சர் கடை கம்ப்ரஷரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். சிபியுவை டிவிஎஸ் வண்டியில் முன்னால் வைத்துக் கொண்டுபோய், இருபது ரூபாய் கொடுத்து ஊதி வாங்கி வருவது. லாரி டயருக்கே 100 பிஎஸ்ஐக்கு மேல் காற்றுப் பிடிக்கிற மெஷின் அது. காற்றை அமுக்கும்போது அதில் இருக்கும் ஈரம் டேங்க்கில் தண்ணீராகத் தேங்கும், கம்ப்ரஷர் எண்ணெயும் கொஞ்சம் கலந்திருக்கும். அந்தத் தண்ணீர்ச் சொட்டு போர்டில் தெறித்து, அதோடு வீட்டுக்கு வந்து ஸ்விட்ச் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தெரிந்த கடை, தண்ணீரை வடித்துவிட்டு, அழுத்தத்தைக் குறைத்து ஊதித் தருவார் என்றால் போகலாம். அவசரத்தில் இருக்கும் கடைக்குப் போகாதீர்கள்.

வீட்டு வாக்குவம் கிளீனரை அக்கா வீட்டிலிருந்து வாங்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் குழாய் வழியாக வறண்ட தூசி வேகமாகப் போகும்போது குழாய் முனையில் நிலைமின்சாரம் ஏறுகிறது, அதனால் போர்டில் தொட விடவில்லை. சிபியுவுக்கு வெளியே, முன்பக்க வலை, பின்பக்க ஓட்டைகள், மேஜைக்கு அடியில் என்றால் நன்றாகவே இழுக்கிறது. டோனர் கொட்டிய இடத்தில் மட்டும் கூடாது. அந்தப் பொடி அவ்வளவு நுண்ணியது, சாதாரண ஃபில்டரில் நிற்காமல் பின்பக்கமாக அறை முழுக்கப் பரவும். டோனரைப் புளோயரால் ஊதுவதும் அதே கதைதான். உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வெந்நீர் கூடவே கூடாது, சூட்டில் உருகி ஒட்டுவதற்காகவே செய்த பொடி அது.

ஹேர் டிரையர்? சூட்டை அணைத்தால் ஊதுவதற்குத் தெம்பில்லை. கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் பல்பு? கீபோர்டுக்கு அழகு. அவ்வளவுதான்.

செய்முறையில் சிலது. ஷட்டவுன் செய்து, சுவரில் ஸ்விட்சை அணைத்து, ஒயரையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு ஐந்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கும். எந்த ஒயர் எங்கே என்று செல்போனில் ஒரு படம். உள்ளே கை வைக்கும் முன் சிபியுவின் பெயின்ட் அடிக்காத இரும்புப் பகுதியை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள். ஃபேனில் ஊதும்போது அதைச் சுற்ற விடக் கூடாது. காற்றில் அது தன் வேகத்தைத் தாண்டிச் சுற்றினால் பேரிங் போகும், ஜெனரேட்டராகி மின்சாரத்தையும் போர்டுக்குத் திருப்பி அனுப்பலாம். ஒரு விரலோ, இயர்பட்ஸ் குச்சியோ வைத்து இறகை நிறுத்திக்கொண்டு ஊதுங்கள். கம்ப்யூட்டருக்குக் கரண்டு மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும், ஒயரைப் பிடுங்கின பிறகும் சட்டென்று இறங்காது. பின்பக்க ஓட்டை வழியாகக் குறைந்த வேகத்தில் விட்டு விட்டு ஊதினால் அதில் இருப்பது வந்துவிடும்.

மாஸ்க் போடாமல் செய்யாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது, அந்தப் பொடியை வருடக்கணக்கில் சுவாசித்துத்தான் கல்லறுக்கும் வேலைக்காரர்களுக்கு சிலிகோசிஸ் வருகிறது. நாம் எப்போதாவது செய்கிற வேலைதான் என்றாலும், ஒரு சிபியுவில் சேர்ந்த பொடி மொத்தமும் முகத்துக்கு நேரே கிளம்பும்போது துண்டு கட்டினால் நிற்காது. என்95 ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்குள்ளே வைத்தும் ஊதாதீர்கள், அத்தனையும் ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடிக்கு அடியில் போய்ச் சேரும்.

பலன் இருக்கிறதா என்றால், டிபன் கடை மெஷினில் வெப்பம் காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். முன்பு பில் போடும்போதே 90 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது, சுத்தம் செய்த பிறகு அறுபதுகளில் நிற்கிறது. இன்டெல் பிராசசர்கள் பெரும்பாலும் 100 டிகிரி பக்கம் போனால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடும் கம்ப்யூட்டர் மத்தியானம் மந்தமாகிறது என்று வருகிற புகார்களில் கணிசமானவை இந்த வகைதான். சர்வீஸுக்குக் கொடுத்தால் ஒரு மெஷினுக்கு முந்நூறு, நானூறு கேட்கிறார்கள். என் நான்கு மெஷினுக்கு ஒரு முறை கொடுக்கும் காசில் புளோயரே வந்துவிட்டது. வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் சாலையை விட்டுத் தள்ளி என்றால், வாங்காதீர்கள், தெரிந்தவரிடம் கடன் கேளுங்கள்.

சிபியுவைத் தரையில் வைத்திருந்தால் ஒரு அடி உயரத்துக்கு ஸ்டாண்டு போட்டு ஏற்றுங்கள், தூசி குறையும். பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டு அப்படியே ஓட்டுவதை மட்டும் செய்யாதீர்கள், உறை ராத்திரிக்குத்தான்.

புளோயர் வாங்கும்போது அதே கடையில் அதற்குப் பொருந்தும் கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் கரண்டு கடத்தும் கரித்துண்டு) ஒரு ஜோடி சேர்த்துக் கேளுங்கள், நாற்பது, ஐம்பது ரூபாய்தான் இருக்கும். அது தேய்ந்தால் மோட்டார் நெருப்புப் பொறி தட்டி நின்றுவிடும், அப்போது போய்க் கேட்டால் "அந்த மாடல் இப்ப வர்றதில்லம்மா" என்பார்கள்.