மெசியர் 84-ஆ, 86-ஆ: இந்த இரண்டு விண்மீன் பேரடைகளில் (கேலக்ஸிகளில்) எது அதிகச் சுவாரசியம்?

கன்னி விண்மீன் கூட்டத்தில் வளைந்து செல்லும் மார்க்கரியன் சங்கிலி என்ற பேரடை வரிசையின் ஒரு முனையில் இவை இரண்டும் அருகருகே இருக்கின்றன. 1781 மார்ச் 18 அன்று, ஒரே இரவில், பிரெஞ்சு வானியலாளர் சார்லஸ் மெசியர் இரண்டையும் தன் பட்டியலில் சேர்த்தார். சிறிய தொலைநோக்கியில் பார்த்தால் இரண்டுமே மங்கலான பஞ்சுப் பொட்டுதான். 86 கொஞ்சம் பெரிது, சற்றே நீளம், 84 உருண்டை. தோற்றத்தில் அவ்வளவுதான் வித்தியாசம்.

84-இன் சிறப்பு அதன் மையத்தில் இருக்கிறது. 1997-இல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த நிறமாலையில் (ஒளியை நிறங்களாகப் பிரித்த பதிவில்), மையத்தைச் சுற்றும் வாயுவின் ஒளி நேர்கோடாக இல்லாமல் 'எஸ்' வடிவில் முறுக்கிக்கொண்டது. ஒரு பக்க வாயு நம்மை நோக்கியும் மறுபக்கம் விலகியும் விநாடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் பாய்வதன் அடையாளம் அது. உள்ளே ராட்சதக் கருந்துளை இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பளிச்சென்ற படம் கிடைப்பது கஷ்டம்.

ஆனாலும் என் ஓட்டு 86-க்குத்தான். 84 விநாடிக்கு ஏறத்தாழ 1,000 கி.மீ. வேகத்தில் நம்மைவிட்டு விலகுகிறது. 86-ஓ சுமார் 240 கி.மீ. வேகத்தில் நம் பக்கம் வருகிறது! பிரபஞ்ச விரிவை மீறி அல்ல. இரண்டும் சேர்ந்திருக்கும் பேரடைத் தொகுதியான கன்னிக் கொத்தின் ஈர்ப்பில் கொத்துக்குள்ளேயே தலைதெறிக்க ஓடுவதால். அந்த ஓட்டத்தில் கொத்திலுள்ள சூடான வாயு மோதி, 86-இன் சொந்த வாயுவை உரித்தெடுக்கிறது. எக்ஸ்-கதிர்ப் படங்களில் அது நீண்ட வாலாகத் தெரியும்.