கைக்குட்டை ஒன்று, மேசை விரிப்பு இரண்டு: சியால்டினியில் எதை வாங்குவது?

போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பள்ளிக் காலுறை வாங்க இங்கே மொரிசியஸில் கத்ர் போர்ன் ஊர்த் துணிச் சந்தைக்குப் போனேன். திரும்பும்போது பையில் காலுறை இல்லை. இரண்டு மேசை விரிப்புகள் இருந்தன. வீட்டில் இருப்பதோ ஒரே மேசை.

கடைக்காரர் செய்தது இவ்வளவுதான். மகளின் கையில் பூப்போட்ட கைக்குட்டை ஒன்றைத் திணித்து, "காசு வேண்டாம், பாப்பாவுக்கு" என்று கிரியோல் மொழியில் சொல்லிவிட்டு, வேறு வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டார். அந்தத் திரும்பலில்தான் வித்தை இருக்கிறது. கைக்குட்டையைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. சும்மா நகரக் காலும் வரவில்லை. விரிப்பு என்ன விலை என்று கேட்டுத் தொலைத்தேன்.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், இந்த வித்தையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டும் புத்தகம் என் அலமாரியிலேயே இருக்கிறது. அமெரிக்கச் சமூக உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1984இல் எழுதிய 'இன்ஃப்ளுயன்ஸ்'. பக்கத்திலேயே அவர் 2016இல் எழுதிய 'ப்ரீ-சுவேஷன்'. இரண்டில் எதை வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இரண்டும் ஒரே ஆளின் கை என்றாலும் நிற்கும் இடம் வேறு.

முதல் புத்தகத்தை எழுதியவர் ஏமாந்தவர். வாழ்நாள் முழுக்க வருகிறவன் போகிறவனிடமெல்லாம் ஏமாந்திருக்கிறேன் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறார். ஏன் ஏமாந்தோம் என்று தெரிந்துகொள்ள ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் விற்பனைப் பயிற்சிகளில் வேலை தேடி வந்தவர்போல் நுழைந்து வேவு பார்த்தார். அதிலிருந்து ஆறு விதிகள் பிறந்தன: பெற்றதைத் திருப்பிச் செய்யும் கடன், சொன்ன சொல்லில் நிற்கும் பிடிவாதம், ஊரோடு ஒத்துப்போவது, பிடித்தவருக்கு இணங்குவது, அதிகாரத்துக்குப் பணிவது, தட்டுப்பாட்டுக்குப் பதறுவது.

என் கைக்குட்டை முதல் விதியில் வருகிறது. உளவியலாளர் டென்னிஸ் ரீகன் 1971இல் வெளியிட்ட ஆய்வைச் சியால்டினி அங்கே விவரிக்கிறார். ஆய்வுக்கு வந்தவர்களில் சிலருக்கு, கூட இருந்தவன் அவர்கள் கேட்காமலே ஒரு கோக் வாங்கி வந்து கொடுத்தான். பிறகு பரிசுச் சீட்டு வாங்கச் சொன்னான். கோக் குடித்தவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். அவனைப் பிடிக்காதவர்களும் அப்படியே வாங்கினார்கள் என்பதுதான் வயிற்றைக் கலக்கும் செய்தி. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் தப்பிக்கும் வழியையும் சொல்கிறார். கொடுத்தது அன்பளிப்பு அல்ல, விற்பனைத் தந்திரம் என்று தெரிந்த கணமே கடன் தீர்ந்துவிடுகிறதாம். சந்தையில் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

'ப்ரீ-சுவேஷன்' கவுண்டருக்கு அந்தப் பக்கம் போய் நிற்கிறது. கேட்பதற்கு முந்திய நொடியில் எதிராளியின் கவனத்தை எங்கே வைக்கிறோம் என்பதே அதன் பேச்சு. இங்கிலாந்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பிரெஞ்சு இசை ஒலித்த நாட்களில் பிரெஞ்சு ஒயினும், ஜெர்மன் இசை ஒலித்த நாட்களில் ஜெர்மன் ஒயினும் அதிகம் விற்றன. இன்னொரு சோதனையில், கருத்துக் கணிப்புக்கு உதவுங்கள் என்று நேராகக் கேட்டபோது 29 சதவீதம் பேர்தான் இசைந்தார்கள். "நீங்கள் உதவும் குணம் உள்ளவரா?" என்று முதலில் கேட்டுவிட்டுக் கேட்டபோது 77 சதவீதம். வணிக வளாகத்தில் ஓர் இன்சூரன்ஸ் பையன் என்னிடம் "அண்ணே, குடும்பத்தின் மேல் அக்கறை உள்ளவர்தானே நீங்கள்?" என்று தொடங்கியது இந்த ரகம்தான். இல்லை என்று எவன் சொல்வான்?

நேர்மையைப் பற்றியும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஏமாற்றும் நிறுவனத்துக்கு என்ன நட்டம் என்றே பேசுகிறது. என்னைப் போல் விரிப்போடு வீடு திரும்பியவனுக்கு அதில் ஆறுதல் குறைவு.

இன்னொரு நெருடலும் உண்டு. ஒரு சொல், ஒரு படம் கண்ணில் பட்டாலே நடத்தை மாறிவிடும் என்ற வகை ஆய்வுகள்மேல் ஏற்கெனவே சந்தேகம் எழுந்திருந்தது. 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது நாற்பதுக்கும் குறைவானவையே பழைய முடிவைத் தந்தன. அடுத்த ஆண்டு வந்த புத்தகம் அத்தகைய ஆய்வுகள்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றியிருக்க வேண்டாம். முதல் புத்தகத்துக்கு ஆய்வுகளோடு சந்தைக் கடையில் நேரில் பார்த்ததும் துணைக்கு இருக்கிறது.

ஆனாலும் 'ப்ரீ-சுவேஷன்' ஓரிடத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது. ஏழாவது விதியாக 'நாம்' என்ற உணர்வை அது சேர்க்கிறது. மொரிசியஸ் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 1998இல் வந்த புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்து இந்திக்குப் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. தமிழர்கள் கொதித்தார்கள்; நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன; பழைய வரிசை திரும்பியது. அங்கே யாரும் யாருக்கும் எதையும் விற்கவில்லை, பழைய ஆறு விதிகளில் எதுவும் அதற்குச் சரியாகப் பொருந்தாது. தைப்பூசமும் அப்படித்தான். மானுடவியலாளர் திமித்ரிஸ் ஸிகலாடஸின் குழு இங்கேயே ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டது: அலகு குத்திக் காவடி எடுத்தவர்களும் கூடவே நடந்தவர்களும், வெறும் கூட்டு வழிபாட்டுக்கு வந்தவர்களைவிடக் கோயிலுக்கு அதிகம் கொடுத்தார்கள்.

அந்த ஏழாவது விதிக்காக இரண்டாவதை வாங்கலாம் என்று சொல்லிவந்தேன். 2021இல் வந்த 'இன்ஃப்ளுயன்ஸ்' புதிய பதிப்பு அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது. புத்தகம் பருத்துவிட்டது, பழைய துள்ளல் கொஞ்சம் குறைந்தும்விட்டது. ஆனால் பணத்துக்கு அதுதான் சரி. கடை வைத்திருப்பவர், கோயில் நிதி திரட்டுபவர் என்றால் மட்டும் இரண்டாவதையும் சேர்த்துக்கொள்ளலாம். சியால்டினி வேறு இருவரோடு சேர்ந்து எழுதிய 'யெஸ்!' பஸ் பயணத்துக்கு ஆகும், அவ்வளவே.

பிரெஞ்சில் படிக்கிறவர்களுக்கு முதல் புத்தகம் 'அன்ஃப்ளுவான்ஸ் ஏ மனிபுலாசியோன்' (செல்வாக்கும் சூழ்ச்சியும்) என்ற பெயரில் கிடைக்கிறது. ஆங்கிலத் தலைப்பு சொல்லாமல் விட்டதைப் பிரெஞ்சுக்காரர்கள் அட்டையிலேயே போட்டு உடைத்துவிட்டார்கள். என் மனைவி படிப்பது அந்தப் பிரதிதான். ஒரு விரிப்பை மேசையில் போட்டாள். இன்னொன்றைப் பிரிக்காமல் என் அலமாரியில், அந்த இரண்டு புத்தகங்களுக்கு நடுவே செருகி வைத்திருக்கிறாள்.