ஷோ யுவர் ஸ்ட்ரைப்ஸ்: அழகு சரி, எங்கே ஏமாற்றும்?

ரெடிங் பல்கலைக்கழகக் காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018இல் வடிவமைத்த, ஆண்டுதோறும் வெப்பநிலை மாறுவதை நிறங்களால் காட்டும் வெப்பக் கோடுகளை இலவசமாகத் தரும் இணையதளம் இது. 2016 ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் காட்டப்பட்ட, உலக வெப்பநிலை உயர்வைச் சுழன்று விரியும் கோடாகக் காட்டும் வெப்பச் சுருளும் இவர் கைவண்ணம்தான்.

கண்டம், நாடு என்று தேர்ந்தெடுத்தால் படம் தயார். ஒரு கோடு ஓர் ஆண்டு. சராசரியைவிடக் குளிர்ந்தால் நீலம், சூடானால் சிவப்பு. எண்ணோ அச்சோ கிடையாது. பாமரருக்கும் ஒரே பார்வையில் புரிவது அதனால்தான். மேடைக்கும் சுவரொட்டிக்கும் இது போதும். கேள்வி கேட்கும் கூட்டம் என்றால் அளவுகோலோடு வரும் பட்டை வரைபடத்தையே இறக்குங்கள்.

பலர் சறுக்குவது ஒப்பிடும்போது. நாடுகளுக்கான வண்ண அளவு அந்தந்த நாட்டின் ஏற்ற இறக்கத்தை, அதாவது திட்ட விலக்கத்தை வைத்து அமைகிறது. வெப்பமண்டலத்தில் ஆண்டுக்காண்டு மாற்றம் குறைவு. அங்கே சிறு உயர்வே அடர்சிவப்பாகிவிடும். நார்வேயில் அதே சிவப்புக்கு இன்னும் அதிக டிகிரி வேண்டும். ஆகவே இந்தியா, நார்வே படங்களைப் பக்கத்தில் வைத்து ‘எது அதிகம் சூடானது’ என்று பேசுவது தவறு. பள்ளிக் கண்காட்சிகளில் அடிக்கடி நடக்கும் கூத்து இது!

கறுப்பு வெள்ளை ஜெராக்ஸும் வேண்டாம். அடர்நீலம், அடர்சிவப்பு இரண்டும் ஒரே சாம்பலாகி, செய்தியே அழிந்துவிடும்.

உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ். மூலத்தைக் குறிப்பிட்டால் சட்டையில்கூட அச்சிடலாம்.