லங்கம்: பழைய பாட்டு, புதிய கனம்

அயர்லாந்து நாட்டுப்புற இசை என்றால் துள்ளலான ஃபிடிலும், பப்பில் மேசையைத் தட்டிப் பாடும் கூட்டமும்தான் என்று நினைப்பவர்கள் லங்கம் குழுவின் 'ஃபால்ஸ் லங்கம்' ஆல்பத்தின் முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.

'கோ டிக் மை கிரேவ்' என்பது பாட்டு. காதலில் ஏமாந்து உயிரை விட்ட ஒரு பெண்ணின் கதை. முன்னிசை எதுவும் கிடையாது. குழுவின் பாடகி ரேடி பீட் தனிக்குரலில் தொடங்கிவிடுகிறார். குழைவு இல்லை, இனிமையாகப் பாட வேண்டும் என்ற கவலையும் இல்லை. நேராக வந்து குத்துகிற குரல். அதன் கீழே சுருதி மெல்ல மெல்லத் திரள்கிறது. பாதி தாண்டியதும் ஒரு கனத்த அடி விழ ஆரம்பிக்கிறது, ஒரே சீராக, விடாமல். அதற்கு மேல் ஃபிடில் கிறீச்சிட்டுக் கதறுகிறது. அயர்லாந்தின் சாவு வீடுகளில் ஒரு காலத்தில் பெண்கள் வைத்த ஒப்பாரியை மனதில் வைத்துத்தான் இந்தப் பாட்டை இப்படி அமைத்திருக்கிறார்கள். ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் நிறுத்த எனக்கு ஒருமுறைகூட மனம் வந்ததில்லை.

லங்கம் டப்ளினைச் சேர்ந்த நால்வர் குழு: இயன் லிஞ்ச், டாரா லிஞ்ச், கோர்மக் மக் டியர்மடா, ரேடி பீட். முதலில் வேறு பெயரில் இருந்தார்கள். 2016-ல் ஒரு பழைய கொலைக்கதைப் பாட்டிலிருந்து இப்போதைய பெயரை எடுத்துக்கொண்டார்கள். ரஃப் ட்ரேட் என்ற சுயாதீன நிறுவனம் ஆல்பங்களை வெளியிடுகிறது. 2023 மார்ச்சில் வந்த இந்த ஆல்பம், பிரிட்டன், அயர்லாந்து ஆல்பங்களுக்குத் தரப்படும் மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனது. அயர்லாந்தின் சாய்ஸ் மியூசிக் பரிசையும் வாங்கியது.

பழைய பாட்டைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்புபவர்கள் பெரும்பாலும் டிரம்ஸைச் சேர்ப்பார்கள், வேகத்தைக் கூட்டுவார்கள். இவர்கள் நேர்மாறு. பாட்டை இழுத்து நிறுத்தி, இலியன் பைப்ஸ் (அயர்லாந்தின் துருத்திக் குழல்), ஹார்மோனியம், கான்செர்டினா (கையில் பிடித்து வாசிக்கும் சிறு துருத்திப் பெட்டி) எல்லாவற்றையும் சுருதிக்குள் இறக்குகிறார்கள். தம்புரா கேட்டுப் பழகிய நமக்குச் சுருதி என்பது பாட்டைத் தாங்கும் தரை. இங்கே அந்தத் தரையே அசைகிறது. தயாரிப்பாளர் ஜான் 'ஸ்பட்' மர்ஃபிக்கு இதில் பெரும் பங்கு உண்டு. 'மாஸ்டர் க்ரௌலீஸ்' நல்ல பிள்ளையாக ஒரு நடன மெட்டாகத்தான் தொடங்கும். அப்புறம் அடியிலிருந்து ஓர் உறுமல் எழுந்து மெட்டையே விழுங்கப் பார்க்கும். மெட்டு மட்டும் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆல்பத்தில் நான் அதிகம் திரும்பக் கேட்பது இதைத்தான்.

எல்லாமே இருட்டு என்று பயப்பட வேண்டாம். 'நியூகாஸில்' 1651-ல் அச்சான ஆங்கில நடனப் புத்தகத்தில் உள்ள மெட்டு. குரல்கள் ஒன்றோடொன்று சேரும் இடம் அவ்வளவு மென்மை. டாரா எழுதிய 'நெட்டா பெர்சியஸ்' இன்னொரு நல்ல பாட்டு.

குறை சொல்லாமல் விட முடியாது. பாட்டுகளுக்கு நடுவே 'ஃபியூக்' என்று மூன்று சிறு இசைத் துண்டுகள் வருகின்றன. முதலாவது சரி, அடுத்த பாட்டுக்கு நம்மைத் தயார்படுத்துகிறது. மூன்றாவது வருவதற்குள் எனக்கு அலுத்துவிடுகிறது. கடைசிப் பாட்டான 'தி டர்ன்' அருமையாகக் கட்டி எழுப்பப்பட்டது, ஆனால் முடிவில் வரும் இரைச்சல் தேவைக்கு மேல் நீள்கிறது. பாதியிலேயே வெட்டியிருந்தால் இன்னும் பலமாக இறங்கியிருக்கும்.

ஃபோன் ஸ்பீக்கரில் தயவுசெய்து கேட்காதீர்கள். கீழ்ச்சுருதி மொத்தமும் காணாமல் போய், வெறும் மெதுவான பாட்டுகளாகத்தான் கேட்கும். நல்ல ஹெட்ஃபோன் வேண்டும், முடிந்தால் இசைத்தட்டு. எழுபது நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டும் என்றில்லை, ஆனால் வரிசையை மாற்றாமல் கேளுங்கள். பிடித்துப்போனால் அடுத்து 2024-ல் வந்த 'லைவ் இன் டப்ளின்'. டப்ளினின் விக்கர் ஸ்ட்ரீட் அரங்கில் பதிவானது. அதிலும் 'கோ டிக் மை கிரேவ்' இருக்கிறது.