இலங்கை டூர்: தங்கும் ஊரை எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கத்திலிருந்து குடும்பத்தோடு இலங்கைக்குக் கிளம்ப நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த மாதம் போகிறீர்கள், தீவின் எந்தப் பக்கம் தங்க வைக்கிறார்கள், விடுதியின் பெயர் என்ன என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள். எங்களுக்கு நடந்தது இன்னொரு வீட்டுக்கு நடக்கக் கூடாது.

மே கடைசி வாரம், பள்ளி திறப்பதற்கு முன்னால் போய்வர வேண்டும் என்று திட்டம். குழந்தைகளுக்குக் கடலில் குளிக்க வேண்டும். எங்கள் அம்மாயிக்குத் திருகோணமலையில் இருக்கிற திருக்கோணேஸ்வரத்தில் சாமி கும்பிட வேண்டும். ஞானசம்பந்தர் பாடிய தலம், கண்ணை மூடுவதற்குள் ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர். இது இரண்டையும் எங்கள் ஊர் ஏஜென்ட்டிடம் முதல் நாளே சொன்னோம். மழை வருமா, கடல் எப்படி இருக்கும் என்றும் கேட்டேன். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் பதில் வந்தது. இன்னும் என்னிடம் இருக்கிறது.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க்கா. கடல் குளம் மாதிரி இருக்குமுங்க. பெந்தோட்டைல ஒரே ஹோட்டல்ல ரூம் போட்டுட்டா எல்லாமே பக்கந்தானுங்க. கோணேஸ்வரம், சிகிரியா, கண்டி எல்லாம் காலைல போனா ராத்திரிக்குள்ள வந்துரலாம். வயசானவங்கள வெச்சுக்கிட்டு ஊர் ஊரா பெட்டி தூக்க வேண்டாமுங்க."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. இதில் ஒரு வாக்கியம்கூட உண்மையில்லை.

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட தமிழ்நாட்டில் பாதி. வடக்கு தெற்காக 430 கிலோமீட்டர் நீளம். நடுவில் மலை, அதில் உயர்ந்த சிகரமான பிதுருதலாகலை 2,524 மீட்டர். தென்மேற்குப் பருவக்காற்று மே கடைசியில் வந்து இந்த மலையில் மோதும்போது கொழும்பு, நீர்கொழும்பு, பெந்தோட்டை, ஹிக்கடுவை, காலி, மிரிஸ்ஸ என்று மேற்கும் தெற்கும் நனைகிறது, கடல் கொந்தளிக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா எல்லாம் அதே நாட்களில் வெயிலும் அமைதியான கடலுமாக இருக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. ஜூனில் வால்பாறையில் கொட்டித் தீர்க்கிற மழை உடுமலைக்கு வருவதில்லை, காற்றாடி சுற்றுகிற காற்றுதான் வருகிறது. அதே காற்று, அதே கணக்கு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை மேற்கும் தெற்கும் நல்ல கடல். மேயிலிருந்து செப்டம்பர் வரை கிழக்கு. இலங்கைக்கு ஆள் அனுப்புவதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

கொச்சி வழியாகப் போய் இறங்கினோம். விமான நிலையத்திலிருந்து பெந்தோட்டை சுமார் 100 கிலோமீட்டர். பாதி வழியில் ஏஜென்ட்டின் செய்தி வந்தது: நீங்கள் கேட்ட ஹோட்டலில் ரூம் இல்லை, அதே தரத்தில் வேறொன்று போட்டிருக்கிறோம். எங்களுக்கு அனுப்பிய படங்களில் இருந்தது மணலை ஒட்டிய தோட்டம். எங்களைக் கொண்டுபோய் விட்ட இடத்தில் கடலுக்கும் விடுதிக்கும் நடுவே ரயில் தண்டவாளம். கொழும்பிலிருந்து மாத்தறை போகிற பாதை பல இடங்களில் கடலை ஒட்டியே ஓடுகிறது. ரூம் மாடியில், லிஃப்ட் கிடையாது. முட்டி வலியோடு அம்மாயி கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். மூட்டு வலி இருக்கிறது, தரைத்தளம்தான் வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தோம்.

கடற்கரையில் சிவப்புக் கொடி. அலை ஆள் உயரத்துக்கு மேல் வந்து அடித்தது. இறங்க வேண்டாம் என்று விடுதிப் பையன் குழந்தைகளைத் திருப்பி அழைத்து வந்தான். இந்த மாதங்களில் இப்படித்தான் இருக்கும், அதனால்தான் வாடகை குறைவு என்று அவனே சொன்னான். வரவேற்பு மேசையில் விலைப் பட்டியல் இருந்தது. எங்களிடம் வாங்கிய தொகைக்குப் பாதிதான் அதில் இருந்தது. ஆளில்லாத பருவத்தில் மலிவாகக் கிடைக்கிற ரூமை எடுத்து, சீசன் விலைக்கு நம் தலையில் கட்டியிருக்கிறார். அந்த ஒரே ஊரில் எங்களை முடக்கி வைத்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் திருகோணமலைக்குக் கிளம்பலாம் என்றபோது டிரைவர் திகைத்துவிட்டார். ஹட்டன் பக்கத்துத் தமிழர், தங்கமான மனிதர். "அம்மா, இங்கயிருந்து திருகோணமலை 300 கிலோமீட்டருக்கு மேல. போகவே ஏழு மணித்தியாலம். வயசான ஆக்களோட ஒரே நாள்ல போயிட்டு வர ஏலாது" என்றார். சிகிரியாவும் போக மட்டும் ஐந்து மணி நேரம். கண்டி மட்டும் போனோம், அதுவும் பெரும்பாலும் வண்டியிலேயே கழிந்தது. அம்மாயி ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் இன்று வரை ஆறவில்லை.

மிரிஸ்ஸவில் திமிங்கலம் பார்க்கப் படகு என்று தனியாகப் பணம் வாங்கியிருந்தார். அங்கே அதற்கான காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. நாங்கள் போனபோது படகு ஓடவில்லை. உணவும் எல்லாம் சேர்த்தது என்றார். காலைச் சாப்பாடு மட்டும்தான் சேர்ந்திருந்தது. அங்கே பல விடுதிகளில் சொல்கிற விலைக்கு மேல் 10 சதவீத சேவைக் கட்டணமும், 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத வாட் வரியும் ஏறும். "வரி, சேவைக் கட்டணம் உட்பட" என்று எழுதி வாங்காவிட்டால் ஒவ்வொரு ராத்திரி பில்லிலும் தெரியும்.

இன்னொன்றையும் பாருங்கள். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு ஏஜென்ட் டிசிஎஸ் (பணம் வாங்கும்போதே பிடிக்கிற வருமான வரி) பிடித்தால் அது உங்கள் பான் எண்ணில் வரவாக வேண்டும். எங்களிடம் பிடித்தது வருமான வரித் தளத்தில் இன்னும் வரவாகவில்லை. கேட்டால் ஆடிட்டர் ஊரில் இல்லை என்கிறார்.

திரும்பி வந்து பணத்தைக் கேட்டபோது ஹோட்டல் விதி என்றார், அப்புறம் இயற்கை மழைக்கு நான் என்ன பண்ணட்டுமுங்க என்றார், அப்புறம் போனையே எடுப்பதில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தோம். பலனில்லாமல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறோம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. குரல் பதிவு, அனுப்பிய படங்கள், ரசீது, விடுதியில் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் தேதியோடு வைத்திருந்ததால்தான் எங்களால் போக முடிந்தது. வாட்ஸ்அப் உரையாடலை யாரும் அழித்துவிடாதீர்கள்.

மே, ஜூனில் போகிறவர்கள் திருகோணமலை அல்லது நிலாவெளியில் சில இரவு தங்குங்கள். கோணேஸ்வரம், கன்னியா வெந்நீரூற்று, புறாத்தீவு எல்லாம் அங்கிருந்து பக்கம், தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். சிகிரியா இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். மலையும் பார்க்க வேண்டும் என்றால் கண்டியிலோ நுவரெலியாவிலோ தனியாகத் தங்குங்கள். திரும்புகிற நாளுக்கு முந்தின இரவு மட்டும் விமான நிலையத்தை ஒட்டிய நீர்கொழும்பு போதும். பெட்டியை இரண்டு முறை கட்டுவது ஒரு சிரமமே இல்லை. "அல்லது அதே தரத்தில் வேறு விடுதி" என்ற வரி வவுச்சரில் இருந்தால் அடித்துவிட்டு, பெயரையும் ரூம் வகையையும் எழுதச் சொல்லுங்கள். அந்த விடுதிக்கு நீங்களே ஒரு போன் போட்டு, நாங்கள் வருகிற மாதத்தில் கடலில் குளிக்கலாமா என்று கேளுங்கள். விடுதிக்காரர்கள் பெரும்பாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள்.

அதே ஏஜென்ட் இப்போது அரையாண்டு லீவுக்கு நிலாவெளி பேக்கேஜ் விற்றுக்கொண்டிருப்பதாக உறவுக்காரர் ஒருவர் சொன்னார். எங்களுக்கு அனுப்பிய அதே படங்கள், அதே "கடல் குளம் மாதிரி இருக்குமுங்க". டிசம்பர் கடைசியில் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை, கடல் அங்கேதான் கொந்தளிக்கும். முன்பணம் கட்டியவர்கள் இருந்தால் இன்றைக்கே அவரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் எழுத்தில் தர மறுத்தால் ரசீதோடு என்னிடம் வாருங்கள், புகார் எழுத நான் கூட இருக்கிறேன்.